திங்கட்கிழமைச் செங்கோட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

டிசம்பர் விடுமுறைக்கு நீங்கள் ஏற்பாடு செய்திருக்கும் டில்லிப் பயணத்தில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம். அப்பாவின் முதல் தெவசத்தன்று, பந்தி முடிவதற்கு முன்பே, போன முறை இன்னோவாவில் போனோம், இந்த முறை எல்லாரும் வருவதால் டெம்போ டிராவலர் சொல்லியிருக்கிறேன், இடங்களெல்லாம் அதே இடங்கள்தான் என்று நீங்கள் அறிவித்தபோது நான் தலையை ஆட்டினேன். அத்தைகளுக்கு முன்னால் உங்களை மறுத்துப் பேசக் கூடாது என்பதற்காக ஆட்டிய தலை அது. சம்மதம் என்று கொள்ள வேண்டாம். இதை நேரில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நேரில் பேச உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் நாம் மருத்துவமனைக் கணக்குக்குப் போய்விடுகிறோம். நம் உறவில் யார் யார் இந்த வலைப்பூவைப் படிக்கிறார்கள் என்று தெரியுமாதலால் அந்தக் கணக்கை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் கொடுத்தது அதிகம் என்பதை மட்டும், அவர்களும் படிக்கட்டும் என்றே, எழுதி வைக்கிறேன்.

நேதாஜியின் படையில் சேர்ந்து தாத்தா எதற்காகப் புறப்பட்டார், எதுவரை போய்த் திரும்பினார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் வாயாலேயே கேட்டவர் நீங்கள். அப்பா சொல்லிக் கேட்டவள் நான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இங்கே சிங்கப்பூரில் எஸ்பிளனேட் பூங்காவுக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போய், ஒன்றுமே இல்லாத ஒரு புல்தரையை அப்பா காட்டுவார். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டி, செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தவுடன் தகர்த்துவிட்ட இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுச் சின்னம் அங்கேதான் இருந்தது. தேசிய மரபுடைமைக் கழகம் 1995-இல் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தபோது நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். அதற்கு முன்பு, எதிரே பாடாங்கில் யாரோ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க, இல்லாத கல்லைப் பார்த்துக்கொண்டு நாம் நின்றோம். எனக்குக் கால் வலித்தது. நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டீர்கள்.

அந்தத் தோளை நான் மறக்கவில்லை. டில்லியில் நீங்கள் அப்பாவுக்காகச் செய்தவற்றையும் மறக்கவில்லை. மெட்ரோவில் ஏறி இறங்க அவர் முழங்காலால் முடியாது, ஆட்டோவில் டிசம்பர் குளிரும் புகையும் ஆகாது என்று நாள் முழுவதற்கும் வண்டி பேசியது நீங்கள். இன்னோவாவின் படி உயரம் என்று முன்கூட்டியே யோசித்து, முஸ்தபா கடையில் ஒரு மடக்கு முக்காலியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்ததும் நீங்கள். குதுப் மினாரில், ஹுமாயூன் கல்லறையில், இந்தியா கேட்டில், சாப்பாட்டுக் கடை வாசலில், ஓட்டுநர் கதவைத் திறக்கும் முன்பே நீங்கள் இறங்கி ஓடிவந்து முக்காலியைப் போட்டு, அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினீர்கள். பார்த்துக்கொண்டிருந்த அந்நியர்கள்கூட, இப்படி ஒரு மகன் வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். நானும் நினைத்தேன்.

ஆனால் அந்த வண்டிக்கு ஒரு கணக்கு இருந்தது. எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் மணிக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு. ஓட்டுநர் பேட்டாவும் பார்க்கிங்கும் தனி. வண்டி நம் விடுதி வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை, காரேஜை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கிவிடும் என்று தெரிந்ததும் உங்கள் முகம் மாறியது. அதன்பின் நீங்கள் பார்த்தது டில்லியை இல்லை, கைக்கடிகாரத்தை. உள்ளே ஏற முடியாத குதுப் மினாருக்கு (1981-இல் படிக்கட்டு நெரிசலில் 45 பேர் இறந்தபின் அதன் கதவை மூடிவிட்டார்கள்) நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தீர்கள். இரும்புத் தூணைச் சுற்றி வேலி. படம் எடுத்தோம், வந்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை; அப்பாவுக்கும் இல்லை. துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்குக் கல்லைவிட வண்டிதான் பிடித்திருந்தது. எரிவாயு நிரப்பும் இடத்தில், விதிப்படி எல்லாரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும் என்றபோது நமக்குச் சலிப்பாக இருந்தது. அவரோ அந்த ஓட்டுநரிடம், ஒரு சொல் இந்தி தெரியாமல், சிலிண்டர் எங்கே பொருத்தியிருக்கிறது, ஏற்றத்தில் இழுவை குறையுமா என்று கையாலேயே விசாரித்துக்கொண்டிருந்தார். டில்லியில் வாடகை வண்டிகள் பெரும்பாலும் இந்த எரிவாயுவில்தான் ஓடுகின்றன என்பதை அன்றிரவு அவர் நமக்கு, தாமே கண்டுபிடித்ததைப் போன்ற பெருமையுடன், விளக்கிச் சொன்னார்.

ஹுமாயூன் கல்லறையில் அவர் ஏன் அத்தனை நேரம் நின்றார் என்று வண்டியில் என்னைக் கேட்டீர்கள். அவருக்கு ஹுமாயூனைப் பற்றிக் கவலையே கிடையாது. 1857-இல் கிளர்ச்சி தோற்றபின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் அங்கேதான் ஒளிந்திருந்தார். அங்கே பிடிபட்டு, செங்கோட்டையில் தம் சொந்த மண்டபத்திலேயே விசாரிக்கப்பட்டு, ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862-இல் அங்கேயே இறந்தார். 1943-இல் நேதாஜி ரங்கூனில் அந்த மன்னரின் சமாதியில் அஞ்சலி செலுத்தினார். டில்லியை நோக்கிய படையெடுப்பு இந்தச் சமாதியிலிருந்து தொடங்குகிறது என்பதைப் போன்ற சடங்கு அது. தாத்தாவும் ரங்கூனில் அந்தச் சமாதியைப் பார்த்திருக்கிறார். மன்னர் டில்லியிலிருந்து ரங்கூனுக்குப் போன வழியை இந்தப் பக்கத்திலிருந்து திரும்ப நடக்கப் பார்த்த கூட்டத்தில் நம் தாத்தாவும் ஒருவர். மலேரியா அவரைப் பர்மாவிலேயே நிறுத்திவிட்டது. அப்பா அந்தக் கல்லறை வாசலில் நின்று பார்த்தது வழியின் அந்த முனையை. அடுத்து செங்கோட்டை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

செங்கோட்டை திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். பயணத் திட்டத்தை நீங்கள் அனுப்பிய அன்றே இதை உங்களுக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆக்ராவை வைத்துக்கொண்டதால் டில்லிக்குத் திங்கள்தான் மிஞ்சியது என்று பிறகு சொன்னீர்கள். இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கலாம், அண்ணா. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை.

மாற்றிப் போட்டிருந்தாலும் அவரால் அவ்வளவு தூரம் நடந்திருக்க முடியாது என்ற உங்கள் வாதத்தை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். லாகூர் வாசலில் பாதுகாப்புச் சோதனை, அதன்பின் நீண்ட கடைவீதி, அதற்கப்பால் பெரிய வெளி. 1857-க்குப் பின் அரண்மனைகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் பிரிட்டிஷார் கட்டிய படைவீரர் குடியிருப்புகள் அதற்கும் அப்பால். ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீதும் 1945 நவம்பரில் இராணுவ நீதிமன்றம் கூடியது அந்தக் கோட்டைக்குள்தான். அவர்களுக்காகப் புலாபாய் தேசாய் வாதாடினார்; ஆண்டுக்கணக்கில் கழற்றி வைத்திருந்த வழக்கறிஞர் அங்கியை நேரு மறுபடியும் அணிந்து வந்தார். சொந்த ஊர் திரும்பிய தாத்தா, பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அந்த வழக்கின் செய்தியை யாரோ படித்துச் சொல்லக் கேட்டுத்தான் முதல் முறையாக அழுதார் என்பது அப்பா நமக்குச் சொன்ன கதை. அந்த அறையை எட்டிப் பார்க்க அப்பா எவ்வளவு தூரம் நடந்திருப்பார் என்பதை நீங்களோ நானோ முடிவு செய்திருக்க வேண்டியதில்லை. அதை அவரே முடிவு செய்திருக்கட்டும் என்பதுதான் என் ஆற்றாமை.

இந்தியா கேட்டில் நீங்கள் சொன்ன சொல்லும் எனக்கு மறக்கவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சிலை 1968 வரை நின்ற அந்த மண்டபத்தில், 2022 செப்டம்பரில் திறந்து வைத்த நேதாஜியின் 28 அடிக் கருங்கல் சிலைக்கு முன்னால் அப்பாவை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, "நேதாஜியைப் பார்த்தாச்சு இல்ல, இனிமே கோட்டை எதுக்குப்பா?" என்றீர்கள். அவர் சிரித்தார். உங்கள் மனம் நோகக் கூடாதென்று சிரிக்கும் சிரிப்பு அது. உங்களுக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு அந்தக் கைவினைப் பொருள் கடை. அங்கே என்ன வாங்கினோம், யாருக்கு வாங்கினோம் என்பதை எழுத மாட்டேன். அண்ணி படிப்பார், சால்வையும் அழகாகத்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. கமிஷனுக்காகக் கொண்டு வந்து நிறுத்திவிட்டான் என்று நான் முணுமுணுத்தபோது அப்பாதான் என்னை அடக்கினார். நாள் வாடகையில் முதலாளிக்குப் போனது போக அந்தத் தம்பிக்கு என்ன மிஞ்சும், கடைக்காரன் கொடுப்பதில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும் என்றார். ஒரு ஓட்டுநரின் நாளை இன்னொரு ஓட்டுநர்தான் அறிவார். ஓட்டுநரை நான் அன்றே மன்னித்துவிட்டேன். கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடிக்க நேரமிருந்த உங்களை மன்னிக்கத்தான் இவ்வளவு நாள் ஆகிறது.

செங்கோட்டைக்கு முன்னால் போகும் சாலைக்கு நேதாஜி சுபாஷ் மார்க் என்று பெயர். பொழுது சாயும் நேரம், சைக்கிள் ரிக்சாக்களும் பேருந்துகளும் அடைத்துக்கொண்டு வண்டி நகரவே இல்லை. எட்டு மணி நேரம் முடியப் போகிறது என்று நீங்கள் பின்னிருக்கையிலிருந்து சொன்னீர்கள். முன்னிருக்கையில் இருந்த அப்பா, வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்க்காமல், "நிறுத்து தம்பி" என்று தமிழில் சொன்னார். அந்த மனிதருக்குப் புரிந்தது. தடுப்புகளைத் தாண்டி ஓர் ஓரமாக நிறுத்தினார். முக்காலி உங்கள் காலடியில் இருந்தது, அண்ணா. நாள் முழுவதும் நீங்கள் ஓடி ஓடிப் போட்ட முக்காலி. நீங்கள் அதை எடுக்கவில்லை. "மூடித்தானேப்பா இருக்கு, உள்ளேருந்தே பாத்துக்குங்க" என்றீர்கள். நான் மூன்றாவது வரிசையில், உங்கள் இருக்கையை மடக்கினாலொழிய இறங்க முடியாத இடத்தில், உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர்தான் சுற்றி வந்து கதவைத் திறந்து, குனிந்து, தம் தோளைக் கொடுத்தார். அப்பா அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கியபின்னும் கையை எடுக்கவில்லை. போக்குவரத்துக் காவலரின் விசில் சத்தம் கேட்கும் வரை இருவரும் அந்தச் சிவப்பு மதிலைப் பார்த்து நின்றார்கள். ஏறும்போது அவர் உங்கள் பக்கம் திரும்பி, "நேரமாச்சுன்னா போலாம்ப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

அதையும் விட்டிருப்பேன். மண்டாய் தகனச்சாலையில், எல்லாரும் வரிசையாக வந்து உங்கள் கையைப் பற்றியபோது, "ஆசைப்பட்ட செங்கோட்டையக் காட்டிட்டுத்தான் அனுப்பியிருக்கேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னீர்கள். தெவசத்தன்றும் சொன்னீர்கள். துக்கத்தில் இருக்கும் மனிதருக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டும், அதைப் பறிக்காதே என்று என் கணவர் சொல்கிறார். பறிக்கத்தான் போகிறேன் போலிருக்கிறது. அதற்காக என்னை மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன், எழுதாமல் டெம்போ டிராவலரில் உங்கள் பின்னால் உட்கார்ந்து வர என்னால் முடியாது. அப்பாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கடைசி மாதங்களில் இரவெல்லாம் விழித்தவர் நீங்கள். நான் வாரக் கடைசியில் வந்து போனவள். அப்படிப்பட்டவளுக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறதா என்று அத்தை ஒருவர் கேட்கக்கூடும். இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நான் அந்த வாரமே டில்லிக்கு வருகிறேன், தனியாக. நான்கு மணி நேரம், நாற்பது கிலோமீட்டர் என்ற அரை நாள் வாடகையில் ஒரு சிறிய கார் சொல்லியிருக்கிறேன். போவது ஒரே இடம். செவ்வாய்க்கிழமை காலை கோட்டை திறக்கும்போது உள்ளே போய், 2019-இல் படைவீரர் குடியிருப்பு ஒன்றில் திறந்த நேதாஜி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு எங்கே உட்காரத் தோன்றுகிறதோ அங்கே உட்காரப் போகிறேன். ஓட்டுநர் வெளியில் காத்திருப்பார். கூடுதல் நேரமானால் கொடுத்துவிடுவேன்.

பெரியவன் என்னோடு வர ஆசைப்படுகிறான். தாத்தாவின் அப்பாவைப் பற்றிப் பள்ளியில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறான், நீங்கள் படித்தீர்களோ இல்லையோ. அவனை அன்று காலை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். உங்கள் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டு வந்து விட்டுவிடுகிறேன். சம்மதமா இல்லையா என்று எனக்குத் தனியாக ஒரு வரி எழுதினால் போதும். குடும்பக் குழுவில் போட வேண்டாம்.

உங்கள் தங்கை