86-ஆம் சாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு

அன்புள்ள ஆஹோ ஊர்க்காரர்களுக்கும், செல்ஸ் ஊர் அக்காவுக்கும், டூசான் நகரத்தில் சோறு போட்ட குடும்பத்துக்கும்,

வணக்கம்.

கடைசி ரேடியேஷன் முடிந்து இன்றோடு ஆறு வாரம். கறுத்துப்போன தோல் உரிந்து புதுத்தோல் வந்துவிட்டது. பாடம் எடுக்க வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் எழுதி ஊர் நடுவே இருக்கும் பிளாசா சதுக்கத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தேனே, அதில் நான் நினைத்ததில் பாதிகூட வரவில்லை. அதனால் என் பாஷையில் ஒருமுறை எழுதுகிறேன். உங்களில் ஒரு குடும்பத்தைத் தவிர யாருக்கும் இது படிக்க வராது. பரவாயில்லை. முதுகுளத்தூர் பக்கம் இருக்கும் என் அம்மாவும் சொந்தக்காரர்களும் படிக்கட்டும். என்னை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆஹோ என்றால் ஸ்பானிய மொழியில் பூண்டு. அமெரிக்காவில் அரிசோனாவின் தெற்கே, மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு செம்புச் சுரங்க ஊர். 1985-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பெரிய குழியும், வெள்ளை வளைவுகள் வைத்த அழகான பிளாசாவும், மூவாயிரம் சொச்சம் ஜனமும் மிச்சம். சளி காய்ச்சலுக்குக் கிளினிக் உண்டு. மார்பில் கட்டி என்றால் டூசானுக்குத்தான் போக வேண்டும். பத்து மைல் தெற்கே இறங்கினால் வொய் என்று ஒரு குட்டி ஊர். இரண்டு சாலைகள் ஒய் எழுத்து மாதிரி பிரிந்த இடம் என்பதால் வந்த பெயர். அங்கிருந்து கிழக்கே திரும்புவதுதான் மாநில நெடுஞ்சாலை 86. போக 130 மைல், வர 130 மைல். மேஜையில் படுத்திருப்பது பத்து நிமிடம். திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 25 நாள்.

டூசானிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கலாமே என்று கேட்டார்கள். என் மகளுக்கு ஆறு வயது. ராத்திரி நான் பக்கத்தில் இல்லாவிட்டால் தூங்க மாட்டாள். கணவர் லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இருட்டினால் அந்த ரோட்டில் மாடு குறுக்கே நிற்கும். என்ன செய்வதென்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, எதிர்வீட்டு ரிட்டயர்டு நர்ஸம்மா, நீங்கள்தான் ஒரு தாளில் ஐந்து கோடு போட்டுக் கொண்டுவந்தீர்கள். திங்கள் சுரங்கத் தாத்தா, செவ்வாய் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், புதன் நீங்கள், வியாழன் என் மாணவன் ஒருவனின் அம்மா, வெள்ளி சர்ச் தம்பதி. என்னைக் கேட்கவே இல்லை. ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். பெட்ரோலுக்கென்று நான் கவரில் வைத்துக் கொடுத்த பணம் மறுநாளே என் மகளின் பைக்குள் இருந்தது. ஐந்து பேரிடமும் முயன்று பார்த்தேன். ஐந்து கவரும் திரும்பி வந்தன.

மூன்றாம் வாரத்துப் புதன்கிழமையை நான் மறக்கவே முடியாது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெல்ட் வலது தோளிலிருந்து இறங்கி, சிகிச்சை நடக்கும் இடத்தையே உரசிக்கொண்டு போனது. தோல் அப்போதே எரியத் தொடங்கியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டிக்கொண்டு போகிறவரிடம் அதைச் சொல்வதா என்று கூச்சம். நர்ஸம்மா ஓரக்கண்ணால் பார்த்தீர்கள். நான் பெல்ட்டை விரலால் தூக்கிப் பிடித்திருந்ததைக் கவனித்து வண்டியை ஓரம் கட்டினீர்கள். "ஓட்டுகிறவர் சீட்டுக்குப் பின்னால் போய் உட்கார். அங்கே பெல்ட் இடது தோள் வழியாக வரும்" என்றீர்கள். அவ்வளவுதான், உரசல் பாதி குறைந்தது. மறுநாள் காலையில், பெல்ட்டில் கோத்துக்கொள்ளும்படி பருத்தித் துணியில் ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொடுத்தீர்கள். பழைய தலையணை உறை, நீலப் பூப் போட்டது. மருத்துவம் பார்த்த யாருக்கும் தோன்றாத ஒன்று உங்களுக்குத் தோன்றியது.

சுரங்கத் தாத்தா, உங்களோடு போன திங்கட்கிழமைகளில்தான் அந்த வழியையே நான் பார்த்தேன். சாலையின் பெரும்பகுதி டோஹோனோ ஓதம் என்ற பழங்குடி மக்களின் நிலத்தின் வழியாகப் போகிறது. பாலைவன மனிதர்கள் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். தெற்கே பாபோகிவாரி சிகரம் விரல் மாதிரி நிற்கும். அவர்களுக்கு அது சாமி மலை. கிட் பீக் மலைமேல் தொலைநோக்கிக் கூடங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால், டூசானுக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும். ரோட்டோரம் முழுக்க மெஸ்கீட் மரம். எங்கள் ராமநாதபுரத்தில் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று வெட்டிச் சாய்க்கிற சீமைக்கருவேலத்துக்கு அது கூடப்பிறந்த மரம். அதன் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிடுவார்கள் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை.

அப்புறம் ஜூலையில் மழை வந்தது. டூசானிலிருந்து திரும்புகிறோம், கிஹோட்டோவா ஊரைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே காட்டாறு. காலையில் அங்கே வெறும் மணல்தான் கிடந்தது. இப்போது செம்மண் தண்ணீர் முள்மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு ஓடுகிறது. தாத்தா இன்ஜினை அணைத்துவிட்டீர்கள். தடுப்பைத் தாண்டி வண்டியை விட்டு மாட்டிக்கொண்டால், மீட்கிற செலவை ஓட்டினவன் தலையிலேயே கட்டும் சட்டம் அரிசோனாவில் 1995-லேயே வந்துவிட்டது என்று சொன்னீர்கள். "சட்டம் இல்லாவிட்டாலும் உன்னை வைத்துக்கொண்டு நான் இறங்க மாட்டேன்" என்றும் சொன்னீர்கள். மூன்று மணி நேரம் நின்றோம்.

எங்களுக்குப் பின்னால் நின்ற பிக்கப்பிலிருந்துதான் செல்ஸ் அக்கா இறங்கி வந்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ்பெட்டியிலிருந்து தண்ணீரும், துணியில் சுற்றிய ரொட்டியும், அதன்மேல் ஊற்ற ஒரு சின்னப் பாட்டிலும் கொடுத்தீர்கள். அடர்சிவப்பில், பதநீர் காய்ச்சினால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. சகுவாரோ கள்ளிப்பழத்தின் பாகு. ஜூன் கடைசியில் நீளக் கம்பால் பழத்தைத் தட்டி விழவைப்போம் என்றீர்கள். கம்பும் அந்தக் கள்ளியின் காய்ந்த தண்டுதானாம். எங்கள் ஊரில் துரட்டி என்போம் என்றேன். அந்த வார்த்தையை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டீர்கள். நான்கு வாரமாக எதைத் தின்றாலும் மண்ணாக இருந்த வாயில் முதன்முதலாக ருசி தெரிந்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு நாங்கள் செல்ஸைத் தாண்டின ஒவ்வொரு நாளும் உங்கள் வாசலில் ஐந்து நிமிடம் நின்றோம். உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது அக்கா.

தண்ணீர் வடிந்ததும் இருட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து மண்ணையும் கட்டையையும் தள்ளிய சாலைப் பணியாளர்களே, உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது உங்களால்தான். த்ரீ பாயின்ட்ஸ் ஊர் அருகே எல்லைக் காவல் சோதனையில் பாஸ்போர்ட்டை எடுக்க நான் தடுமாறும்போதெல்லாம் அவசரப்படுத்தாமல் காத்திருந்த இளைஞருக்கும் நன்றி.

டூசான் தம்பி, தங்கச்சி, பல்கலைக்கழக வேலைக்கு நடுவிலும் தினமும் டிபன் கேரியரில் ரசம் சாதத்தைக் குழைய வடித்துக் கொண்டுவந்தீர்கள். என்னைக் கூட்டி வந்தவருக்கும் சேர்த்தே கொண்டுவந்தீர்கள். பஸ் ஓட்டுகிறவர் இப்போது ரசத்தைக் குவளையில் கேட்கிறார்.

மொத்தம் 6,500 மைல். அதில் ஒரு மைல்கூட நான் ஓட்டவில்லை.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பாயசம். பெரிய பாத்திரத்துக்குப் பள்ளிச் சமையலறையில் சொல்லிவிட்டேன். யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம், கவர் உட்பட.

நீலப் பூத் தலையணையைத் துவைத்து வைத்திருக்கிறேன். அடுத்த தெருவில் ஒருவருக்கு அடுத்த மாதம் சிகிச்சை தொடங்குகிறது என்று கேள்விப்பட்டேன். அவருக்குக் கொடுத்துவிடலாமா நர்ஸம்மா? செவ்வாய்க்கிழமைக்கு என் பெயரைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்