தனியார் பிரசவ மருத்துவமனைகளில் பால் பவுடர் திணிப்பைத் தடுக்கக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை மாவட்டம்

பொருள்: 1992ஆம் ஆண்டு குழந்தைப் பால் பொருட்கள் சட்டத்தைத் தனியார் மருத்துவமனைகளில் அமல்படுத்துவது

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தனியார் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்குத் தாயைக்கூடக் கேட்காமல் பால் பவுடர் கரைத்துக் கொடுப்பதையும், டிஸ்சார்ஜ் சீட்டில் பிராண்டு பெயரோடு எழுதித் தருவதையும் நீங்கள் தடுத்து நிறுத்த வேண்டும்.

எனக்கு நடந்ததும் அதுதான். சிசேரியன் முடிந்து என்னை வார்டுக்குக் கொண்டுவருவதற்குள் குழந்தைக்குப் பவுடர் பால் கொடுத்தாயிற்று, கேட்டால் "உங்களுக்குப் பால் ஊற ரெண்டு நாள் ஆகும்மா, அதுவரைக்கும் பிள்ளை பசியில கிடக்கணுமா?" என்றார்கள், வீட்டுக்குக் கிளம்பும்போது இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீழே டப்பாவின் பெயரும் எழுதியிருந்தது, அதே டப்பா கீழே மருந்துக்கடையில் அடுக்கியிருந்தது. முதல் ஓரிரு நாளுக்குச் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும் சீம்பாலே குழந்தைக்குப் போதும் என்பதையோ, பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும், பவுடரால் வயிறு நிரம்பிவிட்டால் சப்பாது, சப்பாவிட்டால் சுரப்பும் குறையும் என்பதையோ யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சிசேரியன் என்று மத்திய அரசின் குடும்ப நல ஆய்வே சொல்கிறது, அப்படியானால் இது என் ஒருத்தியின் பிரச்சினை இல்லை.

இது புதிதும் இல்லை. ஒரு காலத்தில் ஆப்பிரிக்க நாடுகளில் பவுடர் கம்பெனிகள் விற்பனைப் பெண்களுக்கு நர்ஸ் உடுப்பு மாட்டிப் பிரசவ வார்டுக்கே அனுப்பின. 1977இல் அமெரிக்காவில் பவுடர் பால் விற்ற நெஸ்லே கம்பெனியின் பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது, 1981 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருட்களை விற்பதற்கான நெறிமுறையைக் கொண்டுவந்தது. 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டும். 1991இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 'குழந்தை நேய மருத்துவமனை' திட்டத்தைத் தொடங்கின, மருத்துவக் காரணம் இல்லாமல் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது என்பது அதன் பத்துப் படிகளில் ஒன்று. அடுத்த ஆண்டே இந்தியா மேலே பொருளில் சொன்ன சட்டத்தைப் போட்டது, 2003இல் அதை இன்னும் இறுக்கியது. இன்றைக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, மருத்துவர்களின் கருத்தரங்குக்குக் கம்பெனி பணம் கொடுக்கவும் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. சட்டம் உண்மையிலேயே நல்ல சட்டம்.

ஆனால் நான் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது, அதிகாரம் பெற்ற அலுவலரோ அரசு அறிவித்த தொண்டு நிறுவனமோ புகார் கொடுத்தால்தான் வழக்கு. நம் மாவட்டத்தில் அந்த அலுவலர் யார்? விசாரித்த இடத்திலெல்லாம் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். முதலில் அந்தப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எல்லாப் பிரசவ வார்டுகளிலும் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம், தனியார் மருத்துவமனைகளுக்குப் பதிவு கொடுக்கும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், பதிவைப் புதுப்பிக்கும்போது எத்தனை குழந்தைக்கு என்ன காரணத்துக்காகப் பவுடர் கொடுத்தார்கள் என்ற பதிவேட்டையும் பார்க்க வேண்டும். சிசேரியன் ஆன தாய் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை மார்பில் சேர்க்க உதவுவதற்குப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸாவது ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும், ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரத்துக்கு நடத்தும் கோலப் போட்டியைவிட இது அவசரம்.

பவுடரே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாய்க்கோ பிள்ளைக்கோ உடல்நிலை சரியில்லாமல் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குற்றவாளி போல நடத்தவும் கூடாது.

டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக்கடை ரசீது இரண்டின் நகலும் என்னிடம் உள்ளன, மருத்துவமனையின் பெயரை விசாரணையில் நேரில் சொல்கிறேன். எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கைக்குழந்தையின் தாய்
மதுரை மாவட்டம்