சென்னை – லண்டன் பயண நேரத்தைத் தவறாகக் காட்டுவது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
விமான டிக்கெட் முன்பதிவு நிறுவனம்.

பொருள்: இ-டிக்கெட்டில் பயண நேரமும் தூரமும் தவறாக இருப்பது – திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2026 மார்ச் 20 அன்று சென்னையிலிருந்து லண்டன் செல்லவும் ஏப்ரல் 10 அன்று திரும்பவும் உங்கள் தளத்தில் எடுத்த நேரடி விமான டிக்கெட்டில், போகும் பயணம் 5 மணி 30 நிமிடம், திரும்பும் பயணம் 14 மணி 30 நிமிடம் என்று அச்சாகியிருக்கிறது. இரண்டுமே தவறு.

பிழை டிக்கெட்டிலேயே தெரிகிறது. புறப்பாடு காலை 5.30, வருகை காலை 11.00, ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழித்திருக்கிறீர்கள். 5.30 என்பது சென்னை நேரம், 11.00 என்பது லண்டன் நேரம். அன்று லண்டன் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். விமானம் அங்கே நிற்கும்போது சென்னையில் மாலை 4.30. ஆகப் பயணம் 11 மணி நேரம். ‘எல்லாம் உள்ளூர் நேரம்’ என்ற வரி கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது.

உதவி மையத்தில் கேட்டால், “போகும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், வரும்போது கழித்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். அதுவும் சரியில்லை. மார்ச் கடைசி ஞாயிறன்று (இந்த ஆண்டு 29-ஆம் தேதி) பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணிதான். ஏப்ரல் 10 பகல் 1.00-க்குக் கிளம்பி மறுநாள் அதிகாலை 3.30-க்குச் சென்னை வந்தால் பயணம் 10 மணி நேரம். உங்கள் ஊழியர் சொன்ன கணக்கில் 9 வரும்.

தூரத்திலும் குழப்பம். டிக்கெட்டில் 8,500 கி.மீ. என்று போட்டிருக்கிறீர்கள். தட்டையான வரைபடத்தில் நேர்கோடு போட்டால்தான் அந்த எண் வரும். பூமியின் வளைவையொட்டிய மிகக் குறுகிய வழி சுமார் 8,200 கி.மீ. அந்த வழியிலும் விமானம் அப்படியே பறப்பதில்லை. அந்தக் குறுகிய வழி உக்ரைன் மேலாகப் போகிறது. அந்த வான்வெளி 2022 பிப்ரவரி முதல் மூடியிருக்கிறது. பாகிஸ்தான் வான்வெளியை 2025 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடினார்கள். எனவே தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து நேரம் சொல்வதும் உதவாது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது பின்னாலிருந்து தள்ளும். ஒரு மணி நேரம் வித்தியாசப்படுவது அதனால்தான்.

இது வெறும் அச்சுப்பிழை என்று ஒதுக்கக்கூடாது. இன்சுலின் போடுபவர் அடுத்த ஊசியையும் சாப்பாட்டையும் டிக்கெட்டில் உள்ள பயண நேரத்தை வைத்துத்தான் திட்டமிடுகிறார். ஐந்தரை மணி நேரம் என்று நம்பி, கைப்பையில் ஒரு வேளை மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சரக்குப் பெட்டியில் வைத்தால், பாதி வழியில் அதை எடுக்க முடியாது.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அந்தத் தேதியில் உள்ள நேர மண்டலத்தின்படி இரண்டு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். போவதற்கும் வருவதற்கும் தனித்தனியே காட்டுங்கள். தூரத்தின் அருகில் ‘மிகக் குறுகிய வழி’ என்று குறிப்பிடுங்கள். திருத்திய இ-டிக்கெட்டை எனக்கும், இதே தடத்தில் பதிவு செய்த மற்றவர்களுக்கும் பயணத் தேதிக்கு முன்பே அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னை வாடிக்கையாளர்

இணைப்பு: இ-டிக்கெட் நகல்