கண்ணில் ஊசி போடும் முன் ஒரு படம் வரையுங்கள்

மதுரை மாவட்டக் கண் மருத்துவர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்து, தை மாதம் மதுரையில் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டார். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருந்தார்கள், போகவில்லை. கேட்டால், "கீழ்ப்பக்கமா கருப்பா ஒரு உருண்டை ஆடுச்சு சார். ஊசிமுனை ஒடிஞ்சு உள்ளயே நின்னுருச்சோன்னு பயந்துட்டேன்" என்கிறார்.

அது காற்றுக் குமிழி. மருந்தோடு சில நேரம் உள்ளே போய்விடும். உண்மையில் அது கண்ணுக்குள் மேலேதான் மிதக்கிறது. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் நமக்குக் கீழே தெரிகிறது. ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். அக்காவுக்கும் அப்படித்தான் போனது. இதை முன்னாலேயே அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத் தாளில் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். உங்கள் வாசலில் நிற்கும் கூட்டமும் எனக்குத் தெரியாததல்ல.

திண்ணையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கண்ணை வரைந்தேன். சொட்டு மருந்து ஏன் போதாது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சொட்டில் பெரும்பகுதியைக் கண்ணீர் கழுவிவிடும், மிச்சமும் பின்னால் இருக்கும் விழித்திரைவரை எட்டாது. மாத்திரை சாப்பிட்டாலோ, விழித்திரையின் ரத்தக்குழாய்ச் சுவர் பெரும்பாலான மருந்துகளை வெளியிலேயே நிறுத்திவிடும். அதனால்தான் ஊசி.

எங்கே குத்துவது? முன்னால் தள்ளினால் லென்ஸில் பட்டுப் புரை விழலாம், ரத்தமும் கசியலாம். பின்னால் போனால் விழித்திரை கிழியலாம். நடுவில் பார்ஸ் பிளானா என்று ஒரு சின்னப் பட்டை. பார்வைக்கான நரம்புத்திசு அங்கே கிடையாது. கருவிழி ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் அளந்து குத்துகிறீர்கள். புரை எடுத்து லென்ஸ் வைத்தவர்களுக்கு 3.5. நெல்மணியில் பாதிதான். முப்பது வருடம் கரும்பலகையில் கண் வரைந்திருக்கிறேன், இந்தப் பட்டையை ஒருநாளும் வரைந்ததில்லை என்பது எனக்கே வெட்கம். அக்காவுக்கு உடனே பிடிபட்டது. "காம்புல முடிச்சு விழுற இடம் மாதிரி. கொஞ்சம் மேல போனா மொட்டு நசுங்கும், கீழ போனா பூ உருவிக்கும்."

மருந்து பெரும்பாலும் 0.05 மில்லி, அதாவது ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு. கண் மூடிய உருண்டை, உள்ளே ஏறக்குறைய 4 மில்லி ஜெல் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. அந்தத் துளி போனாலே சற்று நேரம் அழுத்தம் ஏறும். இதற்குமேல் அதிகம் ஏற்ற இடமில்லை. போட்ட மருந்தும் மெல்ல மெல்ல ரத்தத்தில் கலந்து வெளியேறிவிடுகிறது. மாதாமாதம் கூப்பிடுவது காசுக்காக என்று நினைத்திருந்தவர் அதைக் கேட்டபிறகுதான் சமாதானமானார். (ஒவ்வொரு முறையும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி. அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.)

நான் கேட்பது ஒரே ஒரு தாள், தமிழில், படத்தோடு. குத்தும் இடம் எது, குமிழி எப்படித் தெரியும், வெள்ளைவிழியில் ரத்தச் சிவப்பு படர்ந்தால் ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும் என்பவை அதில் இருக்கட்டும். இன்னொன்றைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே வர வேண்டும். உள்ளே கிருமி புகுவது அரிது, புகுந்தால் ஒருநாள் தாமதம்கூடப் பார்வையைப் பறிக்கும். பயந்தவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார், பயப்பட வேண்டியவருக்கோ எதற்குப் பயப்படுவது என்று தெரிவதில்லை. படிக்கத் தெரியாதவருக்கு நர்ஸம்மா ஐந்து நிமிடம் சொன்னால் போதும்.

அக்கா அடுத்த வாரம் மறுபடி வருகிறார். ஊசியில் காற்று இல்லாமல் எடுத்தீர்களா என்று கேட்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லிக்கொடுத்தது நான்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார்