பாதை மூடியிருந்தால் நின்றுவிடுங்கள்

கேரவனை இழுத்துக்கொண்டு ஊட்னடாட்டா பாதைக்குக் கிளம்பும் ஆஸ்திரேலியத் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் வந்தால் அடிலெய்டிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் வடக்கே போகும் வண்டிகளில் இப்போது நம்மவர்களையும் பார்க்க முடிகிறது. நானும் என் கணவரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'சாலை மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைக் கண்டால் தயவுசெய்து அதைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

தென் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஓடும் அந்தப் பாதை மரீயிலிருந்து மார்லா வரை ஏறக்குறைய 620 கிலோமீட்டர். மண்ணும் சரளையுமாக, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போன பழைய கான் ரயில் தடத்தை ஒட்டியே போகிறது. அந்தத் தடத்தை வெள்ளம் திரும்பத் திரும்ப அரித்துக்கொண்டு போனது. கடைசியில் அதைக் கைவிட்டு, மேற்கே தள்ளிப் புதுத் தடம் போட்டு 1980இல் திறந்தார்கள். தண்டவாளத்துக்கே அந்தக் கதி என்றால் மண் சாலை எம்மாத்திரம்!

எங்களை மழை நிறுத்தியது வில்லியம் கிரீக்கில். ஒரு ஹோட்டல், கேரவன் நிறுத்தும் திடல், சின்ன விமான ஓடுதளம், ஊர் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரவு பெய்தது பெரிய மழைகூட இல்லை. காலையில் என் கணவர் செருப்போடு கீழே இறங்கினார். நாலு அடி வைப்பதற்குள் களிமண் அடியிலும் பக்கத்திலும் அப்பிக்கொண்டு, செருப்பைத் தூக்கவே முடியவில்லை. அந்த மண்ணில் இரண்டு டன் கேரவன் என்ன பாடுபடும், சாலையை என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

பலகையைத் தாண்டி யாரோ ஒருவர் போயிருந்தார். சாலை திறந்தபின் அந்தத் தடத்தைப் பார்த்தோம். ஆழமான இரண்டு பள்ளங்கள், வெயிலில் காய்ந்து செங்கல்லாக இறுகிப்போய்க் கிடந்தன. சக்கரம் அதில் இறங்கினால் ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்பதில்லை, பின்னால் கேரவன் ஒரு பக்கமாக இழுக்கிறது. கிரேடர் வந்து சமன் செய்யும்வரை எல்லாரும் அதில்தான் போயாக வேண்டும். அவ்வளவு நீளச் சாலைக்கு கிரேடர் மறுநாளே வந்துவிடாது.

நமக்கு அது சுற்றுலாப் பாதை. அங்கே இருப்பவர்களுக்கு டீசல், மளிகை, மாடு ஏற்றும் லாரி எல்லாம் அதன் வழியாகத்தான். உடம்புக்கு முடியவில்லை என்றால் பறக்கும் மருத்துவர் சேவை இருக்கிறது. 1928இல் தொடங்கிய அந்தச் சேவையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான். ஆனால் விமானம் இறங்கும் இடம்வரை நோயாளியைச் சாலையில்தான் கொண்டுவர வேண்டும். அப்புறம், நீங்கள் நடுவழியில் சிக்கினால் செல்பேசி எடுக்காது. பண்ணைக்காரர் யாராவது தன் வேலையைப் போட்டுவிட்டு வந்துதான் இழுத்துவிட வேண்டும்.

மேலே வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று நம்பவும் கூடாது. 2025இல் இந்தப் பாதைக்குப் பக்கத்திலுள்ள காட்டி தண்டா ஏயர் ஏரியை நிரப்பிய மழை குவீன்ஸ்லாந்தில் பெய்தது. தண்ணீர் வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து ஏரியைச் சேர்ந்தது.

லீவு முடிகிறது, அடுத்த ஊரில் புக்கிங் இருக்கிறது என்பீர்கள். சரி, அதற்குத்தான் திட்டம் போடும்போதே சில நாட்களைச் சும்மா விட்டுவையுங்கள் என்கிறேன். பாதை திறந்திருக்கும் நாளில் கவர்ட் ஸ்பிரிங்ஸில் ஒரு இரவு தங்குங்கள். பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஊற்றுநீர்த் தொட்டியில் இறங்கி உட்காரலாம். பக்கத்திலேயே 'பப்ளர்' என்ற ஊற்று இருக்கிறது. பாலைவனத்தின் நடுவில் மணலைக் கிளப்பிக்கொண்டு தண்ணீர் குமிழியிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அது பூர்வகுடிகளான அரபானா மக்களின் மண். நடைபலகையை விட்டு இறங்காமல் பாருங்கள்.

கிளம்பும் முன் தென் ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். மரீ போனதும் அங்குள்ள பலகையையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஹோட்டலில் கேளுங்கள், எந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் என்பதுவரை சொல்வார்கள்.

அன்புடன்,
அடிலெய்டிலிருந்து ஒரு சக பயணி