சந்தேகப் பேர்வழிகளுக்கும் நாலு பேர் வேண்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மகள் வேலை மாறியதற்காக நீ தூக்கம் கெடுவது வீண். அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி, பார்த்துக்கொள்வாள். என் பக்கம் சொல்லும்படி சேதி ஒன்றுமில்லை. முழங்கால் வலி வருகிறது, போகிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உன் மைத்துனர் விவகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. சந்தேகப் பேர்வழிகளான நாங்கள் மாதா மாதம் எதற்குக் கூடுகிறோம் என்ற உன் கேள்விக்கும் பின்னால் வருகிறேன்.

கையில் மாட்டினால் உடம்பு தள்ளாடாது என்று சொல்லி அவர் விற்க ஆரம்பித்திருக்கும் அந்த 'சக்தி வளையம்' பற்றி நீ எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, அதை அழுத்துகிறார். ஆள் சாய்ந்துவிடுகிறார். வளையத்தை மாட்டிவிட்டு மறுபடி அழுத்துகிறார். ஆள் தூண் மாதிரி நிற்கிறார். பார்த்தவர்கள் உடனே பணத்தை எடுக்கிறார்கள். நடப்பது இவ்வளவுதான்: முதல் தடவை கையை அழுத்தும்போது விசை உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகப் போகிறது. இரண்டாம் தடவை கொஞ்சம் உட்பக்கமாக, ஊன்றிய காலை நோக்கிப் போகிறது. ஓர் அங்குலம் மாறினாலே போதும். போதாததற்கு, இரண்டாம் தடவை எந்தப் பக்கம் சாயப்போகிறோம் என்று உடம்புக்கும் தெரிந்துவிடுகிறது. இந்த மாதிரி வளையம் விற்ற ஒரு நிறுவனம், 2010இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் பிடித்துக் கேட்டதும், எங்கள் விளம்பரத்துக்கு நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லை என்று ஒத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். சொல்லாதே. 'நீ ஏமாற்றுகிறாய்' என்றுதான் அவர் காதில் விழும். அவர் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் சிக்கலே. தான் அழுத்தும் திசை மாறுவது அவருக்கே தெரியாது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஃபாரடே ஞாபகம் வருவார். 1853இல் லண்டனில் மேசை சுற்றுவது ஒரு பித்தாகவே இருந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதன் மேல் கை வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேசை நகரும், சுழலும். மின்சாரம் என்றார்கள், காந்தம் என்றார்கள், ஆவி என்றார்கள். மின்சாரம், காந்தம் இரண்டையும் பற்றிச் சொல்ல அன்றைக்கு ஃபாரடேயைவிடப் பெரிய ஆள் கிடையாது. 'அதெல்லாம் சுத்தப் பொய்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். போகவில்லை. மேசை சுற்றுவதில் நம்பிக்கையுள்ள, நாணயமானவர்கள் என்று தான் மதித்த ஆட்களையே தேடிப் பிடித்தார். சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுநடுவே இளகிய பசை உருண்டைகளை வைத்து, அடுக்கை மேசைமேல் வைத்தார். அவர்கள் கை அந்த அடுக்கின் மேல். மேசைதான் கையை இழுக்கிறது என்றால் அடி அட்டை முதலில் நகர வேண்டும். கை மேசையைத் தள்ளுகிறது என்றால் மேல் அட்டை முந்த வேண்டும். மேசை நகர்ந்த பிறகு அடுக்கைப் பிரித்துப் பார்த்தால், மேல் அட்டைதான் அதிகம் விலகியிருந்தது.

அதற்கு அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கை பக்கவாட்டில் துளி நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கிற மாதிரி, நெம்புகோலோடு ஒரு மெல்லிய குச்சி முள் பொருத்தினார். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு முள் தெரியாதபோது மேசை பழையபடி நகர்ந்தது. முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்காரச் சொன்னதும் நின்றுவிட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை. தன் கை தள்ளுவது தன் கண்ணுக்கே தெரிந்ததும் கை அடங்கிவிட்டது, அவ்வளவுதான். எண்ணம் மட்டுமே தசையை அசைக்கும், அசைப்பது நமக்கே தெரியாது என்று கார்பென்டர் என்ற மருத்துவர் அதற்கு முந்தைய வருஷம்தான் சொல்லியிருந்தார்.

மைத்துனருக்கும் அப்படி ஒரு முள் செய்து கொடு. சண்டை வேண்டாம், 'வாங்க, சேர்ந்து சோதிச்சுப் பார்ப்போம்' என்று கூப்பிடு. அவர் வளையம் ஒன்று, அதே எடையில் சும்மா ஒரு ரப்பர் வளையம் ஒன்று. உன் மகள் கதவுக்குப் பின்னால் நாணயம் சுண்டி, விழுகிறபடி ஏதாவது ஒன்றை நிற்பவர் கையில் மாட்டி, மேலே துணி சுற்றி அனுப்பட்டும். நிற்பவரும் அதைப் பார்க்கக் கூடாது. மைத்துனர் அழுத்திப் பார்த்துவிட்டு, இது உண்மை வளையமா போலியா என்று சொல்லட்டும். இப்படி 20 தடவை. குருட்டாம்போக்கில் சொன்னாலே 10 சரியாக வரும். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் அசந்து போகலாம், ஏனென்றால் வெறும் அதிர்ஷ்டத்தில் அது நூற்றுக்கு இரண்டு தடவைதான் நடக்கும். எத்தனை வந்தால் ஜெயம் என்பதை ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் வாயால் சொல்ல வைத்து, எழுதி வாங்கிக்கொள். பிறகு பேரம் பேச இடம் இருக்காது.

இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதே மாதிரிதான் செய்தாள். உடம்பைத் தொடாமலே அதன் 'ஆற்றல் புலத்தை'க் கையால் உணர முடியும் என்று சொல்லி வைத்தியம் பார்த்த 21 பேரை ஒரு தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். நாணயம் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோவாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 தடவையில் 123 தான் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 140 வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே அது வெளிவந்தது. அப்போது அவளுக்கு வயது பதினொன்று.

இப்போது என் முழங்கால். வலி உச்சத்துக்குப் போகும்போதுதான் நாம் எண்ணெய், பட்டை, பொடி, வளையம் என்று எதையாவது தேடி ஓடுகிறோம். உச்சத்துக்குப் போனது எப்படியும் இறங்கத்தான் வேண்டும். இறங்கும்போது கையில் எது இருக்கிறதோ அதற்குப் பேர் கிடைக்கிறது. போன முறை என் கையில் ஒன்றுமே இல்லை, வலி தானாகவே இறங்கியது. ஆனால் அதற்குச் சாட்சி சொல்ல யார் வரப்போகிறார்கள்? 'ஒன்றும் செய்யாமல் இருந்தேன், குணமாயிற்று' என்று யாரும் யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை.

வளையத்தோடு போனால் பரவாயில்லை. உன் பெரியம்மா ஏதோ ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார் என்று ஓரமாக எழுதியிருக்கிறாயே, எனக்கு உண்மையில் அதுதான் கவலை. பிரார்த்தனை அவருக்கு நிம்மதி தருகிறதென்றால் செய்யட்டும், நான் அதில் கை வைக்க மாட்டேன். மாத்திரை வேறு. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய் ரத்தத்தைப் பரிசோதித்து, அந்த எண்ணை மருத்துவரிடம் காட்டு. வாதம் பண்ண இது நேரமில்லை.

இனி உன் பெரிய கேள்வி. 'கடவுள் இல்லை, பேய் இல்லை, ஜாதகம் இல்லை, எல்லாம் சரி. இல்லை இல்லை என்று சொல்வதற்கு மாதா மாதம் ஒரு கூட்டம் எதற்கு?' என்று கேட்டிருக்கிறாய். குத்தலாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் எங்கள் கூட்டம் நீ சொன்ன மாதிரிதான் இருந்தது. ஒருவர் ஏதாவது மோசடியை எடுத்து வைப்பார், மற்றவர்கள் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள், சிரித்துவிட்டுக் கலைவோம். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். நிஜமாகவே ஏமாந்து பணத்தை விட்டவர் ஒரு தடவை வந்து, எங்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டு, மறு தடவை வரவில்லை.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் கணவர் இறந்தபோதுதான் இது மாறியது. சடங்கு எதுவும் வேண்டாம் என்று அவர் எழுதியே வைத்திருந்தார். அந்த அம்மாவும் அதில் உறுதியாக நின்றார். உறவினர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர், கோபமில்லாமல்தான், 'சரிம்மா, எதுவும் செய்ய வேண்டாம். அப்போ என்னதான் செய்யப் போறீங்க?' என்று கேட்டார். நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். சடங்கு ஏன் வேண்டாம் என்பதற்கு ஆளுக்குப் பத்துக் காரணம் வைத்திருந்தோம். அடுத்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதற்கு ஒருவரிடமும் ஒன்றும் இல்லை.

கடைசியில் இறந்தவரின் மகன் உள்ளே போய் அப்பாவின் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தான். வீட்டில் ரிப்பேர் செய்த சாமான்களையெல்லாம் அவர் அதில் குறித்து வைத்திருந்தார். மின்விசிறி, தையல் இயந்திரம், பக்கத்து வீட்டு வானொலி, என்ன பழுது, எந்தத் தேதியில் சரியானது. அதைச் சத்தமாகப் படித்தான். 'அந்த ரேடியோ எங்களோடது' என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கேள்வி கேட்ட அந்தப் பெரியவர்தான் அதிக நேரம் பேசினார்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். மதங்கள் துக்கத்துக்கு நாள் குறித்து வைத்திருக்கின்றன. இன்ன நாளில் இன்னார் வர வேண்டும் என்று இருப்பதால், யாரும் கூப்பிடாமலே வீட்டுக்கு ஆள் வருகிறது. நம்மிடம் அந்த நாட்காட்டி இல்லை. ஆகவே நாங்களே ஒன்று போட்டுக்கொண்டோம். யார் எந்த நாள் அந்த வீட்டுக்குப் போவது, வங்கி, ஓய்வூதியம், மரணச் சான்றிதழ் வேலைகளுக்கு யார் கூட அலைவது என்று. இப்போது உறுப்பினர் யார் மருத்துவமனையில் படுத்தாலும் இதே ஏற்பாடு. கூட்டத்துக்கு வராமல் போன ஒருவருக்கும் செய்தோம். இப்போது அவர் வருகிறார்.

இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 1876இல் நியூயார்க்கில் ஃபீலிக்ஸ் ஆட்லர் கடவுள் நம்பிக்கையை நிபந்தனையாக வைக்காமல் ஓர் அறநெறிச் சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் அடுத்த வருஷமே ஏழை வீடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பியது, அதற்கடுத்த வருஷம் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவச மழலையர் பள்ளி திறந்தது. நார்வேயில் 1951 முதல், தேவாலயத்தில் உறுதிபூசுதல் (வளர்ந்த பிள்ளைகள் தங்கள் கிறிஸ்தவ நம்பிக்கையை உறுதிசெய்யும் சடங்கு) செய்துகொள்ளாத பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பும் விழாவுமாக ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறது. மறுபக்கம், பிரான்சின் ஆகஸ்ட் கோம்த் மாதிரி அளவு மீறிப் போனவர்களும் உண்டு. மனிதகுல மதம் என்று ஒன்றை உண்டாக்கி, மகான்களின் பெயரில் 13 மாதம் வைத்து நாட்காட்டி எழுதி, தலைமைப் பூசாரியாகத் தன்னையே வைத்துக்கொண்டார். எங்களில் ஓரிருவருக்கு அந்தப் பதவியில் ஒரு கண் இருக்கிறது. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அறிவியல் பேசுவதால் மட்டும், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதிலிருந்து நமக்கு விலக்குக் கிடைத்துவிடாது. 1903இல் பிளாண்ட்லோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 'என்-கதிர்' என்று ஒரு புதுவகைக் கதிரைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நல்ல விஞ்ஞானி, புளுகர் இல்லை. வேறு பல விஞ்ஞானிகளும் எங்களுக்கும் தெரிகிறது என்றார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவிலிருந்து போன ஆர். டபிள்யூ. வுட், இருட்டறையில் யாருக்கும் தெரியாமல் கருவியில் அந்தக் கதிரைப் பிரித்துக் காட்ட வேண்டிய அலுமினியப் பட்டகத்தை எடுத்துவிட்டார். அதன் பிறகும் பழைய இடத்திலேயே கதிர் தெரிவதாக அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க ஆட்கள் கூட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தனியாக உட்கார்ந்து சந்தேகப்படுகிறவன் எல்லாவற்றையும் சந்தேகப்படுவான், தன்னைத் தவிர.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு உன் உதவி வேண்டும். 1948இல் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்குக் குணநலச் சோதனை ஒன்று வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று சொல்லி ஒரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். இதை எங்கள் ஆட்களுக்கே நடத்திப் பார்க்க ஆசை. தங்களை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முகம் பார்த்துக் குணம் சொல்கிற வெளியூர் நிபுணராக நீ வந்து உட்கார வேண்டும். இங்கே உன்னை ஒருவருக்கும் தெரியாது. அன்று கூட்டம் முடிவதற்குள் உண்மையை நானே உடைத்துவிடுவேன், பயப்படாதே. பயணம் செய்யலாமா என்று கண் மருத்துவரைக் கேட்டு எழுது. அதுவரை அந்தத் தாடியை மட்டும் எடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி