சென்னை விஸ்காம் ஆசிரியர்களுக்கு: தமிழிலும் டிசைன் செய்யச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

மூன்று வருடம் இந்த ஊரில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படித்துவிட்டு, போர்ட்ஃபோலியோவில் 12 வேலைகளோடு வெளியே வந்தேன். இல்லாத காபிக் கடைக்கு லோகோ, இல்லாத ஷூவுக்கு விளம்பரம், எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் ஒன்றுகூட இல்லை. அப்போது அது குறையாகவும் படவில்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் கைக்கு வந்தது ஒரு கொசு ஒழிப்புத் துண்டறிக்கை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தமிழை ஒட்டினேன். ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து நகர்த்திச் சரிசெய்ய ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்ட் ரெடி கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று மறுநாள் சீனியர் அக்கா காட்டினார். இரண்டே கிளிக்.

அப்புறம் அச்சகம். திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ். மெஷின்மேன் அண்ணன் தாளின் மேல் லென்ஸை வைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பொடி எழுத்துகளின் ஓரத்தில் ரோஸ் நிற மெஜந்தா மையும் நீல நிற சயான் மையும் எட்டிப் பார்த்தன. “கறுப்பு எழுத்துக்கு எதுக்குத் தம்பி நாலு கலர்? ஒரு கலரோட பிளேட் முடி அளவு நகர்ந்தாலும் எழுத்து மங்கிடும். கறுப்பு மட்டும் 100 வை” என்றார். திரைக்கான ஆர்ஜிபி கறுப்பு, அச்சுக்கான சிஎம்ஒய்கேக்கு மாறும்போது நான்கு மைகளாகப் பிரியும் என்று தேர்வில் எழுதியவன்தான் நான். அது தாளில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

நீங்கள் சொல்லித் தந்த கலர் தியரியும், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட்டும்தான் இன்று எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் அந்த கிரிட் ஆங்கிலத்துக்கு அளந்தது. தமிழுக்கு மேலே ‘மி’யின் வளைவு, கீழே ‘மூ’வின் சுழி. வரிகளுக்கு நடுவே கூடுதல் இடம் வேண்டும். ‘தடுப்பூசிக்காக’ என்ற ஒரு சொல்லே குறுகலான பத்தியை அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் செய்து பார்த்தால்தான் பிடிபடும். ஃபான்ட்டுக்கும் பஞ்சமில்லை. கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம்.

இறுதி ஆண்டு போர்ட்ஃபோலியோவில் பாதியாவது தமிழில் இருக்கட்டும். அதில் ஒன்று, 500 பிரதியானாலும் சரி, நிஜமாக அச்சாகட்டும். மாணவர்களே மெஷின் பக்கத்தில் நின்று வாங்கி வரட்டும்.

அந்த அண்ணனிடம் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மதியம் பத்துப் பேர் வரை அழைத்து வரலாம் என்கிறார். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவன்